பீலி அணிந்த வேல்

பறவைகளுக்கு ஓர் அரசனை அமர்த்த விரும்பினார், கிரேக்கர்களின் முதற்கடவுளாகிய சீயஸ். அழகிற் சிறந்த பறவைக்கே முடி என்று அறிவித்து, அதற்கொரு நாளும் குறித்தார். பறவைகள் எல்லாம் ஆற்றங்கரையில் கூடி நீராடின. அலகால் கோதித் தம்மைத் திருத்திக்கொண்டன. அவற்றிடையே காக்கை இனத்தைச் சேர்ந்த சிறு பறவை ஒன்றும் இருந்தது. தன் கரிய உடலுக்கு முடி கிடைக்காது என்பதை அது நன்கு அறிந்திருந்தது. ஆகவே மற்றப் பறவைகள் உதிர்த்துச் சென்ற இறகுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் உடலெங்கும் செருகிக்கொண்டது. குறித்த நாளில் பறவைகள் வரிசையாக வந்து நின்றபோது, பல வண்ணம் காட்டி நின்ற அப்பறவையே சீயஸின் கண்ணைக் கவர்ந்தது. அதற்கே முடிசூட்ட அவர் முற்பட்டார். மற்றப் பறவைகளுக்குச் சினம் மூண்டது. ஒவ்வொன்றும் நெருங்கி வந்து தன் இறகைத் தானே அடையாளங்கண்டு பறித்துக்கொண்டது. எல்லாம் பறிக்கப்பட்ட பின், தொடக்கத்தில் இருந்த அதே கரிய பறவை அங்கே நின்றது.

ஈசாப் பெயரால் வழங்கும் கதைகளுள் இதுவும் ஒன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்று ஆசிரியர் எரோடோட்டஸ், ஈசாப் சாமோஸ் தீவில் அடிமையாக வாழ்ந்தவர் எனக் குறிப்பிடுகிறார். ஈசாப் தம் கையால் எழுதிய நூல் என ஒன்றும் இன்று இல்லை. வாய்மொழியாக வழங்கியவற்றைப் பிற்காலத்தவர் தொகுத்தனர். தொகுத்தவர்கள் கதையின் இறுதியில் ஒரு நீதியையும் சேர்த்தனர். இக்கதைக்குக் கிரேக்கத் தொகுப்பில் சேர்க்கப்பட்டுள்ள நீதி இன்றைய மாணவருக்கு வியப்பளிக்கக்கூடும். அது தற்பெருமையைப் பற்றியதன்று, கடனைப் பற்றியது. பிறர் பொருளைக் கையில் வைத்திருக்கும்வரை கடன்பட்டவர் பெரியவராகத் தோன்றுவார். திருப்பிக் கொடுத்த பின்னரோ பழைய நிலையிலேயே காணப்படுவார் என்கிறது அந்நீதி. வட்டிக்கடையையும் வாங்கிய கடனையும் அறிந்த வணிகச் சமுதாயம் கதையைத் தன் வாழ்க்கையோடு பொருத்திப் பார்த்திருக்கிறது.

இதே கதையைக் கி.பி. முதல் நூற்றாண்டில் இலத்தீன் மொழியில் செய்யுளாக்கிய பீட்ரஸ் என்னும் கவிஞர், சீயஸையும் முடிசூட்டு விழாவையும் நீக்கிவிட்டார். அவருடைய கதையில் அச்சிறு பறவை, மயில்கள் உதிர்த்த இறகுகளை அணிந்துகொண்டு, தன் இனத்தை இகழ்ந்து, மயிற்கூட்டத்துக்குள் நுழைகிறது. மயில்கள் அதன் இறகைப் பறித்துக் கொத்தித் துரத்துகின்றன. வருந்தித் தன் இனத்தாரிடம் திரும்பினால், அவையும் அதனை ஏற்க மறுக்கின்றன. கிரேக்கக் கதையில் அப்பறவை இழந்தது தன்னுடையதல்லாத ஒன்றை மட்டுமே. இலத்தீன் கதையில் அது தன்னுடையதையும் இழக்கிறது. பிற்காலத்து ஐரோப்பாவில் பெரிதும் பரவியது இந்த இரண்டாம் வடிவமே.

பீட்ரஸின் கதைக்குள் புகுந்த மயில், ஐரோப்பியப் பறவை அன்று. அது இந்தியாவிலிருந்து மேற்கே சென்றது. எபிரேய மொழியில் மயிலைக் குறிக்கும் 'துக்கி' என்னும் சொல்லைத் தமிழின் 'தோகை'யோடு இணைத்துக் காட்டினார், 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல். உரோம நாட்டுக் கதையில் அச்சிறு பறவை செருகிக்கொண்ட இறகு, நம் நாட்டுக் காட்டிலிருந்து போன ஒரு பறவையின் இறகு.

ஈசாப் கதைகளில் வேடமிட்ட பறவையின் கதை இன்னொன்றும் உண்டு. ஒரு கூட்டில் புறாக்கள் நல்ல உணவு உண்டு வாழ்வதைக் கண்ட அதே இனத்துப் பறவை, தன் உடலில் வெண்ணிறம் பூசிக்கொண்டு அவற்றோடு சேர்ந்துகொண்டது. வாய் திறவாமல் இருந்தவரை புறாக்கள் அதனைத் தம்முள் ஒன்றாகவே கருதின. ஒருநாள் தன்னை மறந்து அது குரல் எழுப்பிவிட்டது. புறாக்கள் விரட்டின. தன் இனத்திடம் ஓடியபோது, வெண்ணிறத்தைக் கண்டு அவையும் விரட்டின. முதற்கதையில் வேடத்தைக் கலைப்பவை பிற பறவைகள். இதிலோ வேடத்தைக் கலைப்பது வேடமிட்ட பறவையின் சொந்தக் குரல்.

புலவர்களின் வழக்கு

இறகுக் கதையைத் தமக்குரியதாக ஆக்கிக்கொண்டவர்கள் எழுத்தாளர்களே. கி.மு. முதல் நூற்றாண்டில் உரோமில் வாழ்ந்த ஒரேஸ் என்னும் கவிஞர், கடித வடிவில் எழுதிய ஒரு செய்யுளில் செல்சஸ் என்னும் நண்பரை எச்சரிக்கிறார். உரோம நகரின் பாலட்டைன் குன்றில் அப்பல்லோ கோயிலை ஒட்டி ஒரு பெரிய நூலகம் இருந்தது. அங்குள்ள நூல்களிலிருந்து எடுத்து எழுதுவதை விட்டுவிட வேண்டும். இல்லையெனில் ஒருநாள் பறவைகள் கூட்டமாக வந்து தத்தம் இறகுகளைக் கேட்கும். அப்போது நகைப்புக்கு இடமாக நிற்க நேரும் என்பது அவர் அறிவுரை. பிறர் எழுத்தைத் தம் எழுத்தாகக் காட்டும் செயலை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இக்கதையைக்கொண்டு ஒருவர் கண்டித்திருக்கிறார். கிரேக்கத் தொகுப்பாளர் கடன் என்று கண்டதை ஒரேஸ் திருட்டு என்று கண்டார்.

இங்கிலாந்தில் 1592இல் இதே கதை ஒரு வசையாகவும் பயன்பட்டது. இராபர்ட் கிரீன் என்னும் நாடக ஆசிரியர் இறந்த பின் அவர் பெயரால் வெளிவந்த சிறு நூல், நாடக உலகில் புதிதாகத் தலையெடுத்த ஒருவரைத் தங்கள் இறகுகளால் தன்னை அழகுபடுத்திக்கொண்ட காக்கை என்று இகழ்ந்தது. இகழப்பட்டவர் சேக்சுபியர். இலண்டன் நாடக அரங்கில் அவர் பெயர்பெற்றுவிட்டதற்கு இன்று கிடைக்கும் முதற்சான்று அந்த வசைமொழிதான். பிறர் கதைகளை எடுத்து நாடகம் செய்தவர் சேக்சுபியர் என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வாறிருந்தும் அந்த இறகுகளைப் பறிக்க எந்தப் பறவையாலும் இயலவில்லை. எடுத்ததைத் தன்னுடையதாக வளர்த்துக்கொள்ளும் ஆற்றல் இருக்குமானால் ஈசாப் கதை பொருந்தாமற் போகும் என்பதற்கு அவரே எடுத்துக்காட்டு.

தகடூரிலிருந்து ஒரு தூது

அச்சு நூல்களும் பள்ளிப் பாடங்களும் வந்த பின்னரே இக்கதை தமிழ்ச் சிறுவர்களைச் சென்றடைந்தது. ஆனால் மயிலிறகை முன்னிறுத்தித் தோற்றத்தையும் உண்மையையும் நிறுத்துப் பார்க்கும் பாடல் ஒன்று அதற்கு மிக முன்பே தமிழில் தோன்றியிருந்தது. அதன் பின்னணி இன்றைய தருமபுரி.

சங்ககாலத்தில் தருமபுரியின் பெயர் தகடூர். அதனை ஆண்டவன் அதியமான் நெடுமான் அஞ்சி. நகருக்கு அருகிலுள்ள அதியமான்கோட்டை இன்றும் அவன் குடிப்பெயரைத் தாங்கியுள்ளது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த கல்வெட்டில் சோழர், பாண்டியர், சேரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்றொரு மரபினரும் சுட்டப்பெறுகின்றனர். அவர்கள் யார் என்பது நெடுங்காலம் ஆய்வாளர்களிடையே விவாதமாகவே இருந்தது. திருக்கோவலூருக்கு அருகிலுள்ள சம்பை என்னும் ஊரில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அவ்விவாதத்திற்கு விடையளித்தது. துறவியர் தங்குவதற்கான இடத்தைக் கொடையாக அளித்தவனின் பெயர் அதில் அதியன் நெடுமான் அஞ்சி என்றும், அவன் மரபு சத்தியபுத்திர மரபு என்றும் பொறிக்கப்பட்டுள்ளது. சங்கப் பாடல்களின் வழி மட்டும் அறியப்பட்டிருந்த மன்னன், கல்லிலும் காணப்பட்டான்.

அவனுடைய அவையில் இருந்தவர் ஔவையார். சங்க நூல்களில் அவர் பாடியனவாக 59 பாடல்கள் உள்ளன. அவற்றுள் 33 புறநானூற்றில் இடம்பெற்றுள்ளன. அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் அவருக்கு அளித்தவன் அதியமான் என்னும் செய்தியை அறியாத தமிழ் மாணவர் இரார். அவனுக்காக அவர் மேற்கொண்ட தூது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. காஞ்சியை ஆண்ட தொண்டைமானுக்கும் அதியமானுக்கும் பகை மூண்ட காலம் அது. போர் நிகழ்ந்தால் இழப்பு இரு நாட்டுக்கும் உண்டு. தூது சென்ற ஔவையாரைத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலுக்கு அழைத்துச் சென்று, அங்கிருந்த கருவிகளைக் காட்டினான். விருந்தினருக்குச் செய்யும் சிறப்பு என்று அதனைக் கொள்ளலாம். உங்கள் அரசனால் இவற்றை எதிர்க்க இயலுமா என்னும் மிரட்டல் என்றும் கொள்ளலாம். இரண்டையும் ஒருங்கே குறித்திருக்கவே வாய்ப்பு மிகுதி.

ஔவையார் அங்கே பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல். பாடலில் கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. எதிரே இருந்த படைக்கலங்கள் எவ்வாறு உள்ளன என்பதைக் கண்டவாறே அவர் சொல்லிச் செல்கிறார். அவை மயிற்பீலி அணிவிக்கப்பட்டுள்ளன, மாலை சூட்டப்பட்டுள்ளன, காம்புகள் திரண்டு உறுதியாகச் செய்யப்பட்டுள்ளன, துருப்பிடிக்காவண்ணம் நெய் பூசப்பட்டுள்ளன, காவல் மிகுந்த அகன்ற மாளிகையில் வைக்கப்பட்டுள்ளன. அதன்பின் தம் அரசனுடைய வேல்களைப் பற்றிக் கூறுகிறார். அவை பகைவரைக் குத்தியதனால் நுனியும் பக்கமும் சிதைந்து, எந்நாளும் கொல்லனின் சிறிய உலைக்கூடத்தில் கிடக்கின்றன. அவற்றுக்கு உரியவன், உணவு மிகுதியாக இருந்தால் பிறருக்குக் கொடுப்பவன். குறைவாக இருந்தால் அனைவரோடும் சேர்ந்து உண்பவன். வறியவர்களின் சுற்றத்துக்குத் தலைவன்.

அண்மையில் இருப்பதைச் சுட்டும் சொல்லையும் தொலைவில் இருப்பதைச் சுட்டும் சொல்லையும் எதிரெதிராக வைத்தே பாடல் கட்டப்பட்டுள்ளது. 'இவை' என்பன கண்முன் ஒளிர்பவை. 'அவை' என்பன கண்ணுக்குத் தெரியாத தகடூரில் கிடப்பவை. தூதுவர் எந்தப் பக்கம் சிறந்தது என்று ஓரிடத்திலும் தீர்ப்புக் கூறவில்லை. தொண்டைமானே அதனை எண்ணிப் பார்க்க வேண்டும். நெய் பூசிய வேல் ஏன் இத்துணைத் தூய்மையாக உள்ளது? போர்க்களம் கண்டிராததனால். முனை முறிந்த வேல் ஏன் முறிந்தது? பயன்பட்டதனால். பீலியும் மாலையும் அந்த வேல்களின் பெருமையைக் கூறுவனவாக நிறுத்தப்பட்டிருந்தன. ஔவையார் அவற்றைச் சுட்டிக் காட்டிய அளவிலேயே அவை வேறு சான்றாக மாறிவிட்டன. ஈசாப் கதையில் பறவைகள் அலகால் செய்ததை ஔவையார் ஒரு வருணனையால் செய்தார். அவர் ஓர் இறகையும் தொடவில்லை.

இதனைத் தமிழ் அணியிலக்கண மரபில் வஞ்சப்புகழ்ச்சி என்பர். புகழ்வது போலப் பழிப்பதும், பழிப்பது போலப் புகழ்வதும் அதன் இயல்பு. இப்பாடலில் இரண்டும் ஒருங்கே அமைந்துள்ளன. தொண்டைமானின் படைக்கலம் புகழப்படுவதுபோல் பழிக்கப்படுகிறது; அதியமானின் படைக்கலம் பழிக்கப்படுவதுபோல் புகழப்படுகிறது. நுணுகிப் பார்த்தால் பாடலே ஒரு வேடம் புனைந்திருப்பது தெரியும். பகையரசன் மாளிகையில், அவன் விருந்தினராக நிற்கும் ஒருவர் அவனை வெளிப்படையாக இகழ்தல் தூதுக்கு ஒவ்வாது. அஞ்சிப் பணிந்து பேசுதல் தம் அரசனுக்கு இழுக்கு. ஆகவே பழிப்பு, புகழ்ச்சியின் இறகை அணிந்துகொண்டது. மறைத்துக் கொள்வதற்காக அணியும் வேடத்துக்கும், கேட்பவன் தானே கலைத்துப் பார்க்கட்டும் என்று அணியும் வேடத்துக்கும் உள்ள வேறுபாட்டை இப்பாடல் காட்டுகிறது.

கொல்லனின் உலைக்கூடம் இப்பாடலில் இடம்பெற்றது தற்செயல் அன்று என்றே தோன்றுகிறது. தகடூர் நாடு பழங்காலத்திலிருந்தே இரும்போடு தொடர்புடையது. 2004ஆம் ஆண்டுவரை தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்த இன்றைய கிருட்டிணகிரி மாவட்டத்தில் மயிலாடும்பாறை என்றோர் ஊர் உள்ளது. அங்கு நடந்த அகழாய்வில் கிடைத்த சான்றுகளைக் கரிமப் பகுப்பாய்வுக்கு உட்படுத்தியபோது, இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 எனத் தெரியவந்ததாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. மயிலின் பெயரைத் தாங்கிய பாறையடியில் 4200 ஆண்டுப் பழமையான இரும்பின் சான்று கிடைத்திருப்பது இனிய பொருத்தம். அத்தகைய நாட்டிலிருந்து வந்தவருக்குப் பீலி எது, இரும்பு எது என்பதைப் பிரித்தறியச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆட்டத்தைக் கடன்வாங்கிய பறவை

ஔவையார் என்னும் பெயரோடு இணைந்த மற்றொரு பறவைப் பாடல் மூதுரையில் உள்ளது. காட்டில் மயில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த வான்கோழி, தன்னையும் மயிலாகவே எண்ணிக்கொண்டு, அழகற்ற தன் சிறகை விரித்து ஆடியதாம். கல்லாதவன் ஒருவன் கவிதை சொல்வதற்கு அது உவமையாகிறது. மூதுரையைப் பாடிய ஔவையார், தகடூர் அவையிலிருந்த ஔவையார் அல்லர். பல நூற்றாண்டுகளுக்குப் பின் வாழ்ந்தவர். ஔவை என்பது தாய், மூதாட்டி எனப் பொருள்தரும் சொல்லாதலால், அப்பெயரால் புலவர் பலர் வழங்கப்பட்டனர். எனினும் மக்கள் மனத்தில் அவர்கள் அனைவரும் ஒருவரே. நெல்லிக்கனி உண்டவரும் ஆத்திசூடி பாடியவரும் ஒரே பாட்டியார்.

கிரேக்கக் கதையும் மூதுரைப் பாடலும் ஒன்றுபோல் தோன்றினும் அடிப்படையில் வேறானவை. வான்கோழி யாருடைய இறகையும் எடுக்கவில்லை. விரித்தது அதன் சொந்தச் சிறகு. அது கடன் வாங்கியது ஆட்டத்தை. அதைப் பறித்துக்கொள்ள எந்த மயிலும் வரவில்லை, வரவும் இயலாது. சிறுகாக்கையின் வேடத்தைக் கலைக்க ஊர் கூடியது. வான்கோழியோ தான் மயில் என்னும் எண்ணத்தோடு ஆடிக்கொண்டே இருக்கிறது. சிறுகாக்கை பிறரை ஏமாற்றியது. வான்கோழி ஏமாற்றியது தன்னைத்தான். பொருள் உணராமல் ஒப்பிப்பவன் தான் கற்றுவிட்டதாகவே நம்புவான் என்பதனால், கல்வியைப் பொறுத்தவரை மூதுரையின் பார்வை இன்னும் கூர்மையானது.

உயிரியல் நோக்கில் பார்த்தால் வான்கோழிக்கு இப்பாடல் சற்று அநீதி இழைத்துவிட்டது எனலாம். ஆண் வான்கோழி வாலை விசிறிபோல் விரிப்பது அதன் பிறவிக் குணம். பெட்டையைக் கவர்வதற்காக மயில் செய்வதையே அதுவும் செய்கிறது. இரண்டும் ஒரே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மேலும், இன்று வான்கோழி என வழங்கும் பறவையின் தாயகம் அமெரிக்கா. ஐரோப்பியர் கடல்வழி கண்ட பின்னரே அது இந்தியாவுக்கு வந்தது. 1612இல் கோவாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வான்கோழியைக் கண்டு வியந்த முகலாயப் பேரரசர் சகாங்கீர், அதனைத் தம் நினைவுக் குறிப்பில் வருணித்ததோடு ஓவியமாகவும் தீட்டச் செய்தார். மன்சூர் வரைந்த அவ்வோவியம் இலண்டனில் உள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. எனவே இரண்டில் ஒன்றே இயலும். மூதுரைப் பாடல் அப்பறவையின் வருகைக்குப் பிற்பட்டதாதல் வேண்டும். அன்றி, பாடலில் ஆடிய வான்கோழி வேறொரு பறவையாக இருந்து, அதன் பெயரைப் பின்னால் வந்த அமெரிக்கப் பறவை அணிந்துகொண்டிருத்தல் வேண்டும். பெயரும் ஓர் இறகுதான் போலும்.

பறிக்க முடியாத வேடம்

கதைகளில் வரும் பறவைகள் வேடமிடுவது மனிதரைக் குறிப்பதற்காகவே. எந்தக் காக்கையும் மயிலிறகைச் செருகிக்கொள்வதில்லை. ஆனால் இயற்கையில் பறவைகளுக்கு வேடமே இல்லை என்று கூறிவிட முடியாது. தமிழகத்தின் தோப்புகளிலும் இலையுதிர் காடுகளிலும் கோடைக்காலத்தில் ஓயாது குரலெழுப்பும் அக்காக்குயில் அதற்குச் சான்று. சாம்பல் நிற முதுகு, வரிகள் கொண்ட வயிறு, பட்டைகள் அமைந்த வால், பறக்கும் முறை, கிளையில் வந்தமரும் பாங்கு ஆகிய அனைத்திலும் அது வல்லூறுவை ஒத்திருக்கிறது. கொன்றுண்ணும் பறவை வருவதாக எண்ணிச் சிறு பறவைகள் கலைந்து கூச்சலிடும். இந்தத் தோற்றம், தவிட்டுக்குருவிகளின் கூட்டில் முட்டையிட அதற்கு உதவுவதாகக் கருதப்படுகிறது.

குயிலினத்துக்கும் வல்லூறு இனத்துக்கும் உள்ள இந்த ஒற்றுமையைக் கிரேக்கர்களும் கண்டிருந்தனர். வல்லூறுதான் பருவம் மாறும்போது குயிலாக மாறுகிறது என்னும் நம்பிக்கை அவர்களிடையே இருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் விலங்குகளைப் பற்றி எழுதிய அரிசுடாட்டில் அதனை ஏற்கவில்லை. நிறத்தை விட்டுவிட்டுக் காலையும் தலையையும் பாருங்கள் என்பதே அவர் கூறியதன் சாரம். குயிலுக்கு வல்லூறுவைப் போல் வளைந்த நகங்கள் இல்லை. தலையும் புறாவின் தலையைப் போன்றது. இறகைப் பார்க்காமல் நகத்தைப் பார் என்ற அரிசுடாட்டிலும், பீலியைப் பார்க்காமல் முனையைப் பார் என்ற ஔவையாரும் ஒரே வழியில் சோதித்தவர்கள். ஆயினும் அக்காக்குயிலின் இறகை எவராலும் பறித்துக்கொள்ள இயலாது. பல தலைமுறைகளாக அதன் உடலிலேயே முளைத்து வளர்ந்தது அது.

கல்லில் சூட்டிய பீலி

மயிலின் தோகை என்பது அதன் வால் அன்று. வாலின் மேற்புறத்தை மூடியுள்ள இறகுகளே நீண்டு தோகையாகின்றன. உண்மையான வால் அதற்குப் பின்னே குட்டையாக இருந்து, விரிந்த தோகையைத் தாங்குகிறது. ஆண்டுதோறும் இனப்பெருக்கப் பருவம் முடிந்த பின் ஆண்மயில் தோகையை உதிர்த்துவிடும்; பின்னர்ப் புதிதாக வளரும். ஆகவே மயிலைக் கொல்லாமலேயே மலையோரக் காடுகளில் பீலியைப் பொறுக்கி எடுக்க முடிந்தது. ஈசாப் கதையில் இறகுகள் உதிர்ந்து கிடந்தனவாகக் கூறப்படுவதும் இயற்கையோடு பொருந்துவதே. மெல்லிய பீலியை வண்டியில் அளவுமீறி ஏற்றினால் அச்சு முறியும் என்று திருக்குறள் உவமை கூறுவதிலிருந்து, வண்டியில் ஏற்றும் அளவுக்கு அது பெரும்பொருளாக அறியப்பட்டிருந்தது தெரிகிறது.

சங்ககால மக்கள் பீலியைச் சூட்டிய இடங்களுள் ஒன்று நடுகல். ஆநிரை காத்தோ பகைவரை எதிர்த்தோ வீழ்ந்த வீரனுக்காகக் கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்திக் கூறுகிறது. அவ்வாறு நட்ட கல்லுக்குப் பீலி சூட்டிக் கள் படைப்பது வழக்கம்.

அதியமான் போரில் இறந்தான். தகடூரும் வீழ்ந்தது, அதனை வென்ற சேர மன்னன் தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை என்றே அழைக்கப்பட்டான். அதியமானுக்கு நடுகல் எழுப்பப்பட்டபோது ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றில் 232ஆவதாக உள்ளது. அவன் இல்லாத காலையும் மாலையும் இனி இல்லாமற் போகட்டும், தம் வாழ்நாளும் இல்லாமற் போகட்டும் என்று தொடங்கும் அவர், நடுகல்லில் பீலி சூட்டிச் சிறு கலத்தில் வடித்த கள்ளை ஊற்றுகிறார்களே, இதனை அவன் ஏற்றுக்கொள்வானோ என வினவுகிறார். உயர்ந்த மலைகளோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் ஏற்காத ஒருவன் அவன்.

தொண்டைமானின் கொட்டிலில் ஔவையார் கண்ட அதே பீலிதான் இங்கும் வருகிறது. அங்கே அது வேலின்மேல் இருந்தது. இங்கே கல்லின்மேல் இருக்கிறது. அங்கே அதைச் சொல்லும் குரலில் மெல்லிய நகை இருந்தது; இங்கே ஆற்றாமை. கொட்டிலின் பீலி தன்னைவிடப் பெரியதொன்று உள்ளே இருப்பதாகக் காட்டியது. நடுகல்லின் பீலியோ தன்னைவிட மிகப் பெரிய ஒருவனுக்குப் போதாததாகப் போய்விட்டது. இரு பாடல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் வாய்ப்பு, 1894இல் உ.வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த பின்னர்த் தமிழருக்குப் பரவலாகக் கிடைத்தது.

அதியமானின் காலத்துக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்ட நடுகற்கள் தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் கிடைத்துள்ளன. அவற்றுள் சில, தருமபுரி நகரிலுள்ள தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் வைக்கப்பட்டுள்ளன. வில்லோ வாளோ ஏந்திப் போருக்கு எழும் நிலையில் வீரர்கள் செதுக்கப்பட்டுள்ளனர். வட்டெழுத்தில் அவர்களின் பெயரும் அவர்கள் வீழ்ந்த காரணமும் பொறிக்கப்பட்டுள்ளன. இத்தகைய நடுகற்கள் சிலவற்றில் வீரனின் காலருகே சிறிய கெண்டி ஒன்றும் காணப்படும். படைத்த கள் உலர்ந்துவிடும் என்பதனாற் போலும், கலத்தைக் கல்லிலேயே செதுக்கிவைத்தனர். சூட்டிய பீலி ஒவ்வொரு மழைக்கும் உதிர்ந்து, ஒவ்வொரு முறையும் புதிதாகச் சூட்டப்பட்டது.